வேறு கப்பல்

திருப்பதி டிராவல்ஸ் ஆபீசில் எல்லோர் முன்னாலும் கன்னையா மனைவியிடம் கத்தினார்.

"மூணு வருசமா டூருக்கு அதே கப்பல்! இந்த வாட்டி வேற கப்பல்னா வேற கப்பல்தான்!"

"பழசுல இன்னா கொறச்சல்?" தாட்சாயணியும் விடவில்லை. "புதுசுல பால்கனி ரூம் கெடையாது. சாப்பாட்டுக்குத் தட்டத் தூக்கிக்கினு கியூவுல நிக்கணும்."

"நின்னு துன்னா தேஞ்சி பூடுவியா?"

"அப்ப நீ மட்டும் போ. நான் வரல."

"வராத. நகரி வூட்டுலயே கெட!"

அவளுக்கு அழுகை முட்டியது. தறி வேலை வேண்டாம், சமையல் படிக்கிறேன் என்ற ஒரே மகன் ஹேமநாத்தை நாலு வருடத்துக்கு முன் வீட்டைவிட்டே துரத்தியவர் இவர். அவனுக்கு வேலை அந்தப் பழைய கப்பலின் சமையலறையில். வருடா வருடம், மத்தியானம் இவர் தூங்கும் நேரத்தில், மேல்தளத்துக்குப் போய் அவனைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வருவாள். இந்த மனுஷனுக்கு அது எப்படியோ தெரிந்துபோயிருக்க வேண்டும். அதையும் பிடுங்கத்தான் கப்பலை மாற்றுகிறார்.

"பெத்த புள்ளயப் பாக்க உடாம பண்றியே, நீயெல்லாம் ஒரு நைனாவா?" என்று கேட்டேவிட்டாள்.

கன்னையாவின் முகம் சிவந்தது.

"போன மாசம் நான்தான் அவனுக்கு போன் போட்டேன். இந்தப் புதுக் கப்பலுக்கு மாறிட்டானாம். உங்கிட்ட சொல்லாதடான்னேன். கப்பல்லயே அவன உன் எதிர்ல கொண்டாந்து நிறுத்தலாம்னு இருந்தேன். கெடுத்துட்டியேடி!"

டிக்கெட் பாரத்தை அவள் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வீசினார்.

"போடு கையெழுத்த!"