வால் நட்சத்திரமும் தலைவர் நாற்காலியும்

1965 ஐப்பசி. முகையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விடியற்காலைக் கிழக்கு வானில் நீண்ட வாலோடு ஒரு வெளிச்சம் தெரிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தெய்வசிகாமணிக்குக் கை கால் ஓடவில்லை. ஜோசியரை அழைத்துவர மனைவி கிருஷ்ணவேணியை விரட்டினார்.

"வால் நட்சத்திரங்க. தலைவர் நாற்காலியில இருக்கிறவங்க உசுருக்கே ஆவாது," என்றார் வந்த ஜோசியர்.

"யாரு இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

ஊர் நலன் கருதித் தலைவர் அன்றே ராஜினாமா செய்தார். பேருக்குத் துணைத் தலைவியாக வைத்திருந்த கிருஷ்ணவேணியைப் பெருந்தன்மையோடு அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

கார்த்திகையில் வெளிச்சம் மறைந்தது. கிருஷ்ணவேணி கல்லுக்குண்டாட்டம் இருந்தாள்.

"கண்டம் வெலகிடிச்சி. எழுந்திரு!"

அவள் அசையவில்லை. "வெறும் வால் நட்சத்திரம், யாரையும் ஒண்ணும் பண்ணாதுன்னுதான் ஜோசியர் சொல்ல வந்தாரு. உசுருக்கு ஆவாதுன்னு சொல்லச் சொன்னதே நான்தாங்க."