தனியாக நின்ற குஞ்சு

ஏரிக்கரையில் ஒரு வாத்து இருந்ததாம். அதற்குக் கணக்கு என்றாலே பயம். நாணல் ஓரத்தில் கொக்கு சார் பாடம் நடத்தும்போதெல்லாம், கடைசியில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளுமாம்.

ஒரு சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொக்கு சார் அந்தப் பக்கம் வந்து, "குஞ்சுங்க எல்லாம் வந்தாச்சாம்மா? எண்ணிப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"எனக்கு எண்ண வராதே சார்."

"சரி, நான் எண்ணறேன்."

குஞ்சுகள் ஓரிடத்தில் நின்றால்தானே? ஒரு தடவை ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினால் பதின்மூன்று.

வாத்து தயங்கித் தயங்கி, "ஜோடி ஜோடியா நில்லுங்கடா," என்றது. எல்லாம் இரண்டிரண்டாக நின்றன. கடைசியில் ஒரு குஞ்சு மட்டும் தனியாக நின்றது.

"ஒண்ணு குறையுது சார். காலையில ஜோடியா நின்னப்போ யாரும் தனியா நிக்கல," என்று சொல்லிக்கொண்டே வாத்து தண்ணீரில் இறங்கியது. கொக்கு சாரும் பின்னாலேயே பறந்தார். தாமரைத் தண்டில் கால் சிக்கி ஒரு குஞ்சு அழுதுகொண்டிருந்தது. அவர் அலகால் தண்டை விலக்கிவிட, அது அம்மாவின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது.

"எண்ணத் தெரிஞ்ச எனக்கே பிடிபடல. நீ கண்டுபிடிச்சிட்டியேம்மா," என்றார் கொக்கு சார்.

வாத்துக்கு வெட்கமாகிவிட்டது. குஞ்சோடு கரைக்கு நீந்தியது. பிறகு, "ஆனா சார், ரெண்டு குஞ்சு காணாமப் போயிருந்தா? மிச்சமெல்லாம் ஜோடியாத்தானே நின்னிருக்கும்?" என்று கேட்டது.

கொக்கு சார் பதில் சொல்ல அலகைத் திறந்தார்.

"சொல்லிடாதீங்க சார். நானே யோசிக்கிறேன்," என்றது வாத்து.