புனிதவதி தெரிந்தெடுத்த கதை

"இந்த வாட்டி முடிஞ்ச கதை வேணாங்க. தொடரா வர்றதா பாத்துக் கொண்டாங்க," என்றாள் புனிதவதி, போஞ்சி நறுக்கிக்கொண்டே.

கதிர்வேல் மாஸ்டருக்குத் திக்கென்றது. சனிக்கிழமைதோறும் பூண்டுலோயா டவுனுக்கு இறங்கி, நஸாரின் இன்டர்நெட் கடையில் ஏதாவதொரு கதையைப் பிரின்ட் எடுத்து வந்து மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். கண்டி டாக்டர் அவரை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசிய நாளிலிருந்து, முடிந்த கதையாக, அதுவும் சின்னதாகவே பார்த்து எடுத்தார். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

"தொடர்னா இழுத்துக்கிட்டே போவாங்க, புனிதம்."

"போகட்டுமே. எனக்கென்ன அவசரம்? நஸார் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்."

பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று அத்தியாயம் கேட்டாள். நாலாவது வருவதற்குள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்ததும் மாஸ்டர் கடைக்குப் போனார். "இனிமே பிரின்ட் வேணாம் நஸார். கேக்க ஆளில்ல."

நஸார் ஏற்கெனவே பிரின்ட் எடுத்து வைத்திருந்த நாலாவது அத்தியாயத்தை மேசையில் வைத்தான்.

"மாஸ்டர், அக்கா எனக்குப் போன் கோல் எடுத்து, 'இருக்கிறதுலயே ரொம்ப நாளைக்கு முடியாத கதை எது தம்பி'ன்னு கேட்டாங்க. 'நான் போனப்புறம் இவரு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துருவாரு. சனிக்கிழமையாவது டவுனுக்கு இறங்கட்டும்'னாங்க."

மாஸ்டர் நாலாவது அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

இப்போது அவர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பென்ஷனும் எடுத்துவிட்டார். கதை இன்னும் முடியவில்லை.