விடைக்குறிப்பில் இல்லாத பதில்

மகளின் விடைத்தாளோடு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும், நம் கட்சி ஆள் ஒருவராவது வந்தாரே என்று அறிவியல் ஆசிரியருக்கு மனம் குளிர்ந்தது.

அறிவியல் புத்தகத்தில் இந்த வருடம் வேதத்திலிருந்து எடுத்த உலகப் படைப்புப் பாடம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். வேண்டாம் என்று மனுவில் கையெழுத்துப் போட்ட ஒரே ஆசிரியர் இவர்தான். எச்சரிக்கை வந்தது. அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு அந்தப் பாடத்தையே நடத்திக்கொண்டிருக்கிறார், பிழைப்பு ஓட வேண்டுமே.

"உலகம் எப்படி உண்டாச்சுங்கற கேள்விக்கு என் பொண்ணுக்கு முட்டை போட்டிருக்கீங்க சார்," என்றார் அப்பா. நிறையப் பேர் முன்னால் பேசிப் பழகிய குரல். வக்கீலாக இருப்பார் என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார்.

தாளைப் பார்க்காமலேயே அப்பா மகளின் பதிலைச் சொன்னார். "'எப்படி உண்டானது என்று மனிதர் யாருக்கும் தெரியாது. தெரியும் என்பது அகங்காரம்.' இதுல என்ன சார் தப்பு?"

தப்பே இல்லை. திருத்தும்போது ஆசிரியர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். மற்ற பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்க, தெரியாததைத் தெரியாது என்று எழுதியவள் இவள் ஒருத்திதான். அறிவியலுக்கு அரிச்சுவடியே அதுதான். ஆனால் மேலிடத்திலிருந்து வந்த விடைக்குறிப்பில் நாலு பாயிண்ட் இருந்தது. அதில் ஒன்றுகூட இவள் எழுதவில்லை. தன் கையாலேயே முட்டை போட்டுவிட்டு வந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மார்க் இல்லாமல் அவள் அறிவியலில் தேறவில்லை. இனி மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்காது. மாட்டு டாக்டர் ஆவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த பெண், இப்போது தாழ்வாரத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அவளுக்காக ஆசிரியர் தலைமை ஆசிரியரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டார். குறிப்பில் இல்லாததற்கு மார்க் போட்டால் தன் தலைதான் உருளும் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

"என் கையில ஒண்ணுமில்ல சார். எனக்கும் அந்தப் பாடம் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது," என்றார் ஆசிரியர். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்க. அதை எழுதின மகானைப் போய்க் கேளுங்க."

அப்பா தாழ்வாரத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவராலயும் ஒண்ணும் ஆகல சார். அவர் எழுதிக் கொடுத்த பாடத்துல கடைசி வரியே இவளோட இந்தப் பதில்தான். மார்க் போடத் தோதா இல்லைன்னு அதை வெட்டிட்டு, மிச்சத்தை நாலு பாயிண்ட்டா ஆக்கிட்டாங்க. வீட்ல கேட்டு வளர்ந்ததை இவ எழுதிட்டா."

ஆசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அப்பா விடைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த மகான் நான்தான் சார்."