போன வருசத்து பேக்கப்

“எவன்யா இந்த மெசேஜ அனுப்புனது?”

பட்டாசு ஆலையின் கேட்டுக்கு வெளியே நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். இன்னும் பைக்குகள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் சட்டைகூடப் போடாமல் வந்திருந்தார். ஒரு பெண்ணின் கையில் பிசைந்த மாவு ஒட்டியிருந்தது.

எல்லோர் போனிலும் ஒரே மெசேஜ். பெயர் மட்டும்தான் வேறு வேறு.

‘ஆலையில் விபத்து. மாரிசெல்வி இருக்கும் ரூமில் தீ. உடனே வரவும்.’

விபத்து எதுவும் நடக்கவில்லை. வேலையாட்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று முகத்தைக் காட்டிய பிறகும் பதற்றம் அடங்கவில்லை. மாரிசெல்வியின் அப்பா மகளின் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தாண்ணே. தப்பு எம்மேலதான்.”

முன்னால் வந்தவன் பாண்டிச்செல்வம். ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள விருதுநகரிலிருந்து வருபவன். இந்த ஜனவரியில்தான் சேர்ந்தான்.

யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள்.

“வேணும்னு செய்யலண்ணே. ஆபீசுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. வேலை பழகணும். யாரு எந்த ரூம்ல, அவுக வீட்டு நம்பர் என்னன்னு ஓடிக்கிட்டு இருக்குற பதிவுல கை வைக்கவிட முடியாதுல்ல? அதான் போன வருசம் மே மாசம் எடுத்த பேக்கப்ப வேற கம்ப்யூட்டர்ல ஏத்தி, அதே மாதிரி ஒரு நகல் போட்டுக் குடுத்தேன். அந்தப் பொண்ணு விபத்துங்கிற பட்டனை அமுக்கிப் பார்த்திருக்கு. நகல்லருந்து மெசேஜ் வெளிய போகும்னு நான் நெனைக்கல.”

“நெனைக்கலையா? எங்க ஆத்தா மயங்கி விழுந்து கிடக்குலே அங்கன.”

“அவன விடுங்கப்பா.”

முதலாளி மணிகண்டராஜ் வந்துகொண்டிருந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

“இங்க வேலை பார்க்குற அம்புட்டுப் பேரும் என் குடும்பம். உங்கள ஒரு நிமிசம் பதற வச்சதே பாவம். இவன் இனிமே இந்தக் கேட்டைத் தாண்ட மாட்டான். வெயில்ல ஓடி வந்திருக்கீக. எல்லாரும் ஒரு கலர் குடிச்சிட்டுப் போங்க.”

“முதலாளி தங்கமான மனுசன். இந்தப் பயலத்தான் உதைக்கணும்,” என்றார் ஒருவர்.

அப்போதுதான் வள்ளித்தாய் வந்து சேர்ந்தாள். சாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் போனை நீட்டினாள்.

‘ஆலையில் விபத்து. நாகையா இருக்கும் ரூமில் தீ. உடனே வரவும்.’

அவள் புருசன் நாகையா போன வருசம் ஜூலையில் இதே ஆலையில் நடந்த விபத்தில் இறந்துபோனவர்.

“செத்தவன் பேருலயுமாலே அனுப்புவ?”

பாண்டிச்செல்வத்தின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவன் கையைத் தூக்கவில்லை.

“அது மே மாச பேக்கப்பு, அக்கா. அப்ப அவரு இருந்தாரு. அதுல அவரு பேரு அப்படியே இருக்கு. மன்னிச்சிருங்க.”

“அடிக்காதீக,” என்றாள் வள்ளித்தாய். “ஏந்தம்பி, இன்னைக்கு வந்த மெசேஜ் அன்னைக்கு ஏன் வரல?”

அவள் போனிலிருந்த மெசேஜைப் பார்த்தபடியே சொன்னாள்.

“வெடிச்சது தெரியும். அவரு எந்த ரூம்ல இருக்காரு, என்ன ஆனாருன்னு தெரியல. எம்புட்டோ பேர்கிட்ட கேட்டேன். நாலு மணிக்கு டிவியில பேரு போட்டாக. மதுர ஆசுபத்திரியில மூணு மணி வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தாராம். என்னையக் கேட்டுக்கிட்டே இருந்தாராம்.”

“அது மெசின் கோளாறும்மா,” என்றார் மணிகண்டராஜ். “அன்னைக்கு கரண்டு வேற இல்ல. நீ இப்படி நிழலுக்கு வா.”

பாண்டிச்செல்வம் அவரையே பார்த்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மெசேஜ் வசதி நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் நகலிலும் அப்படியே இருக்கும் என்று நம்பினான். ஆனால் மே மாதத்தில் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

விறுவிறுவென்று ஆபீசுக்குள் போனான்.

“எங்கலே போற?” என்று கத்திய முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் வாசலுக்கு வருவதற்குள் அவன் தேடியது கிடைத்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பதிவில், யார் எப்போது எதை மாற்றினாலும் ஒரு வரி விழும். போன வருசம் ஜூலைக்குப் போனான். அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.

“அதை மூடிட்டு வெளிய வா,” என்றார் மணிகண்டராஜ். குரல் தணிந்திருந்தது. “உனக்கு வருசம் முழுக்க இங்க வேலை இருக்கு. நான் சும்மா கூட்டத்துக்காகச் சொன்னேன்.”

பாண்டிச்செல்வம் எழுந்து அவரைத் தாண்டிக் கேட்டுக்கு வந்தான்.

வள்ளித்தாய் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

“அன்னைக்கு என் நம்பர் அதுல இல்லையா தம்பி?”

“இருந்துச்சுக்கா. மே மாசத்துலருந்தே இருக்கு.”

முதலாளி பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

“தீப்பிடிச்சது பத்து நாப்பதுக்கு. விபத்துன்னு பட்டனை அமுக்குனது பத்து அம்பத்தஞ்சுக்கு. அதுக்கு மூணு நிமிசம் முன்னால, முதலாளிக்கு மட்டும் தெரிஞ்ச பாஸ்வேர்டைப் போட்டு, யார் வீட்டுக்கும் மெசேஜ் போகாம நிறுத்தியிருக்குக்கா.”