முட்டி வலி தெரிந்த சொந்தக்காரர்கள்

தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் கடலைப் பார்த்த அந்த அடுக்குமாடியில், சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு வீடு விடத் தடை வந்தது. அதன் பிறகு பெட்டியோடு வந்த எல்லாருமே தங்களை அங்கே குடியிருப்பவர்களின் சொந்தக்காரர்கள் என்றார்கள். அதனால் குடியிருப்போர் குழுத் தலைவர் பேட்ரிக், சனிக்கிழமைகளில் தானே கேட்டில் நின்றார்.

காலையில் ஒரு தம்பதி வந்தார்கள்.

"எட்டாவது மாடி மார்த்தா ஆன்ட்டி வீட்டுக்கு."

"ஆன்ட்டிக்கு எந்தக் கால்ல வலி?"

"இடது முட்டி. மழை வந்தா கூடும்."

"எந்தப் பூசைக்குப் போவாங்க?"

"ஞாயித்துக்கிழமை ஏழு மணி தமிழ்ப் பூசை."

பேட்ரிக் மகிழ்ந்துபோய் அவர்கள் பெட்டியை லிஃப்ட் வரை தள்ளிக் கொடுத்தார்.

மதியம் ஒரு பெண் வந்தாள். "மார்த்தாவோட மக. சிங்கப்பூர்லருந்து வரேன்."

"அம்மாவுக்கு எந்தக் கால்ல வலி?"

"கால் வலியா? எப்ப இருந்து?"

பேட்ரிக் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு வந்திருக்கலாம்லா."

கேட் திறக்கவில்லை. அவள் போன் செய்ததும் மார்த்தா நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார்.

"அக்கா, உங்க மகள்னு சொல்லிக்கிட்டு ஒருத்தி..."

"அது ஜோவான், தம்பி. நான் பெத்த பிள்ள."

"அப்ப காலையில வந்தவங்க?"

மார்த்தா மகளின் பையை வாங்கிக்கொண்டார்.

"அவங்களுக்கு எல்லாத்தையும் வாட்சாப்ல எழுதி அனுப்பினேன். இவளுக்கும் அனுப்பியிருக்கணும்."