ஏரித் தண்ணீரில் வைத்த குழம்பு

2006 யூலையில், கனடாவில் மொன்றியலுக்கு வடக்கே ஒரு சின்ன ஏரிக்கு எங்கள் தேவாலயப் பங்குச் சனத்தோடு போயிருந்தோம். பத்தாயிரம் வருடங்களுக்கு முன் அது கடலாக இருந்ததாம். கரையில் அப்படி எழுதிப் பலகை வைத்திருந்தார்கள். இப்போது குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர்.

உப்புப் போத்தலை நான் வீட்டில் விட்டுவிட்டேன். என் கணவர் எமிலியானுஸ், ஊரில் மீன்பிடி வள்ளத்தில் கடல் தண்ணீரில் சமைத்த பழக்கத்தில், ஏரித் தண்ணீரையே அள்ளி மீன்குழம்புக்கு ஊற்றினார்.

“இதென்ன பேசாலைக் கடலே? உப்புக்கு எங்க போறது?” என்று பேசினேன்.

முன்பு மன்னாரில், அந்தப் பேசாலைக் கடலில் வள்ளம் கவிழ்ந்தபோது, மிதந்த ஒரே வெற்று எண்ணெய்க் கானை இவரிடம் தள்ளிவிட்டுக் கடலுக்குள் தாண்டுபோனவர் இவருடைய தமையன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

குழம்பு கொதிக்கும்போது எங்கள் மகன் டனிஸ்ரன் ஆழத்தில் வழுக்கிப்போனான். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முழங்கால் தண்ணீரில் நின்றான்.

“ஒரு ஆள் என்னைக் கரைக்குத் தள்ளிவிட்டவர்,” என்றான்.

சனமெல்லாம் கரையில்தான் நின்றது.

அவனுக்குச் சோறு போட்டேன். குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்தேன். உப்பு அளவாக இருந்தது.

அகப்பையை இவரிடம் நீட்டினேன். இவரும் ருசி பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு கோப்பைச் சோற்றில் குழம்பை ஊற்றித் தண்ணீர் ஓரத்தில் வைத்தார்.

“பெடியன் சாப்பிடுறான் அண்ணை. நீங்களும் சாப்பிடுங்கோ.”